ஒண்ணரைக் கட்டம்

மொதல் கோடு தலைகீழா இருக்குது. அது அப்படி இருக்கக் கூடாது. பதினேழு வருஷமா இந்த லேப்புல ஈசிஜி எடுக்கறேன், ஒரு நாளைக்கு எட்டுப் பேர்னு வெச்சாலும் எத்தனை நெஞ்சு பார்த்திருப்பேன், கணக்குப் போட்டாத் தலை சுத்தும், மொதல் கோடு எப்பவும் மேல பார்த்துத்தான் நிக்கும், சின்னதா ஒரு மேடு, ஒடனே ஊசியாட்டம் ஒரு ஏத்தம், அப்பறம் கொஞ்சம் அகலமா இன்னொரு மேடு, அவ்வளவுதான், ஒரு துடிப்பு முடிஞ்சுது. இந்தத் தாள்ல மூணும் கீழ பார்த்துத் தொங்குது. வேற யாரோட தாளுமா இருந்தா நான் பாட்டுக்குக் கிழிச்சு மடிச்சு உறைக்குள்ள போட்டு, டாக்டர் பார்த்துச் சொல்லுவாருங்கன்னு சிரிச்ச மொகமாக் குடுத்தனுப்பியிருப்பேன். இது என் நெஞ்சு. நானே என்மேல கிளிப்பு மாட்டி, நானே பட்டனை அமுக்கி, நானே எடுத்த தாளு. மணி ஒண்ணு நாப்பது. வெளிய சாப்பாட்டு நேரம்னு அட்டை தொங்குது, ரத்தம் எடுக்கற ரேவதி சாப்பிட வீட்டுக்குப் போயிட்டா, குழந்தைவேல் டாக்டரும் வீட்டுக்குப் போயிட்டாரு, ரெண்டரைக்கு முன்னாடி ஒரு ஈ காக்கா எட்டிப் பார்க்காது. கதவுக்குத் தாப்பாப் போட்டுட்டு, ஜாக்கெட் கொக்கியெல்லாம் அவுத்துட்டு, நெஞ்சுல ஆறு எடத்துல ரப்பர் பல்பு உறிஞ்சின செவப்பு வட்டத்தோட, காங்கேயத்துல கலாமணின்னு ஒரு பொம்பளை கட்டில் ஓரத்துல உக்காந்துட்டு அவ தாளை அவளே படிச்சிட்டு இருக்கறா. அட கெரகமே. தாலிக்கொடி தோள்மேல தூக்கிப் போட்டது அப்படியே கெடக்குது. வர்ற பொம்பளைகளுக்கெல்லாம் நான்தான் சொல்லுவேன், கொடியைச் சித்த ஒதுக்கிக்குங்கக்கா, இல்லாட்டி வாயில கடிச்சுக்குங்கன்னு, சில பேரு என்னமோ நான் கழட்டிக் குடுக்கச் சொன்னாப்பல மொறைப்பாங்க. இன்னிக்கு நானே ஒதுக்கறப்ப எனக்கே ஒரு மாதிரித்தான் இருந்துச்சு.

கேஸாத்தான் இருக்கும். ஒண்ணே காலுக்கு டிபன் பாக்ஸைத் தொறந்தேன், அரிசியும் பருப்பும் சாதம், மேல நெய், நாலாவது வாய் போடறப்ப வயித்துக்கு மேல நெஞ்சுக்குக் கீழ அந்தக் குழியில யாரோ உள்ளங்கையை வெச்சு அமுக்கினாப்பல இருந்துச்சு. தண்ணி குடிச்சேன். ஏப்பம் வந்தாச் சரியாப் போகும்னு பார்த்தேன், ஏப்பம் வரலை. அப்பறம் அந்தக் கனம் மெல்ல மேல ஏறித் தாடைக்கு வந்துது, பல்லு வலிக்குதா என்னன்னு நாக்கால தொட்டுப் பார்த்தேன், பல்லு நல்லாத்தான் இருக்குது. இடது தோள்பட்டை தூக்க முடியலை. ஃபேன் ஓடுது, முதுகுல ஜாக்கெட் நனைஞ்சு ஒட்டிக்கிச்சு. வலிக்குதான்னு கேட்டா இல்லைன்னுதான் சொல்லுவேன். வலின்னா வலி மாதிரி இருக்கோணுமல்ல? இது கனம். காலைல ஈரத்துணி பக்கெட்டைத் தூக்கிட்டு மொட்டை மாடிக்கு ஏறினேனே, அந்தக் கனமா இருக்கும். இல்ல, நேத்து ராத்திரி ஒருக்களிச்சே படுத்திருந்தேனே, அதுவா இருக்கும். இல்ல, கேஸுதான். கட்டில்ல படுக்கறப்பவே அத்தனை பேரும் கேஸுங்கன்னுதான் சொல்லுவாங்க, கேஸுன்னா பெருங்காயம் போட்டு மோரு குடிச்சிட்டு வீட்டுல கெடக்க வேண்டியதுதானே, இங்கெதுக்கு வந்தீங்கன்னு நான் உள்ளுக்குள்ள சிரிச்சுக்குவேன். இப்பச் சிரிடி பார்க்கலாம். இங்கெதுக்குப் படுத்தே நீயி?

இந்தத் தாளைப் படிக்க எனக்கு யாரும் சொல்லித் தரலை. கம்பி மாட்டத்தான் சொல்லித் தந்தாங்க. வலது கைக்குச் செவப்பு, இடது கைக்கு மஞ்சள், இடது காலுக்குப் பச்சை, வலது காலுக்குக் கருப்பு, நெஞ்சுல ஆறு பல்பு, பட்டனை அமுக்கு, தாளைக் கிழி, பேரு வயசு எழுது, அத்தோட உன் சோலி முடிஞ்சுது. ஆனா கண்ணுன்னு ஒண்ணு இருக்குதல்ல. டாக்டர் சார் தாள்மேல எழுதறதுக்கு முன்னாடி நான் மனசுக்குள்ள எழுதிப் பார்ப்பேன், அவரு எழுதினதும் ஒத்துப் போச்சான்னு பார்ப்பேன், எனக்கும் அவருக்கும் பந்தயம், அவருக்குத்தான் தெரியாது. கட்டம் போட்ட தாளு, அதுல பன்னெண்டு கோடு, ஒவ்வொண்ணும் இதயத்தை ஒவ்வொரு பக்கத்துல இருந்து பார்க்கறது. அஞ்சு சின்னக் கட்டம் சேர்ந்தா ஒரு பெரிய கட்டம். ஒரு ஊசிக்கும் அடுத்த ஊசிக்கும் நடுவால எத்தனை பெரிய கட்டம்னு எண்ணி முந்நூறை அதால வகுத்தா நிமிஷத்துக்கு அத்தனை துடிப்பு. மூணு கட்டம்னா நூறு, நாலுன்னா எழுபத்தஞ்சு, அஞ்சுன்னா அறுபது. மொத மேடு இதயத்தோட மேல்வீடு சுருங்கறது, ஊசி கீழ்வீடு சுருங்கறது, கடைசி மேடு அது ஓய்வெடுக்கறது. ஊசிக்கும் கடைசி மேட்டுக்கும் நடுவால ஒரு சமதரை இருக்குது. அதுதான் முக்கியம். அந்தத் தரை மத்தத் தரையோட ஒரே மட்டத்துல இருக்கோணும். மேல ஏறி நின்னா எங்கியோ குழாய் அடைச்சிருக்குதுன்னு அர்த்தம், அந்த எடத்தைத்தான் சார் பேனாவால சுழிப்பாரு. பந்தயத்துல நூத்துக்குத் தொண்ணூறு நான் ஜெயிப்பேன். என்ன பிரயோசனம், சொல்லத்தான் கூடாதே. அக்கா எப்படீங்கக்கா இருக்குதுன்னு கட்டில்ல இருந்தே கையைப் புடிச்சுக் கேப்பாங்க, எனக்கென்னங்க தெரியும், டாக்டர்தான் சொல்லோணும், எந்திரிங்கன்னுடுவேன். இப்ப என் தாள்ல எண்ணறேன். ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு, அஞ்சு, அஞ்சரை. இன்னொருக்கா எண்ணறேன், அஞ்சரைதான். முந்நூறை அஞ்சரையால வகுத்தா அம்பத்தி நாலு, அம்பத்தஞ்சு. இதென்ன கூத்து? இத்தனை பயத்துக்கு அது தடதடன்னு ஓடோணும். வேர்த்துக் கொட்டுது, உள்ள அது என்னமோ பொடிநடையாப் போயிட்டு இருக்குது. நான் பயப்படறேனா இல்லியா, அதுவே எனக்குப் புரியலை.

பாப்பாத்தியக்காவுக்கும் இப்படித்தான் மெதுவா ஓடுச்சு. வேண்டாம், அதை இப்ப நெனைக்க வேண்டாம். வெள்ளக்கோயில் பக்கம் ஏதோ தோட்டம், நாலு வருஷம் இருக்கும், மஞ்சப் பை ஒண்ணைக் கக்கத்துல இடுக்கிட்டுத் தனியா பஸ் ஏறி வந்திருந்தாங்க. குழியில அமுக்குதுங்க அம்மிணின்னாங்க. நான் தாளைக் கிழிக்கறப்பவே பார்த்தேன், இதயத்தோட அடிப்பக்கத்தைக் காட்டற அடிக்கோடுகள்ல தரை சித்த ஏறியிருந்துச்சு, எச்சா இல்ல, ஒரு சின்னக் கட்டம், ஒரு கட்டத்துக்குக் கொஞ்சம் மேல. இன்னிக்குச் சார் சுழிப்பாருன்னு மனசுக்குள்ள எழுதிட்டு உள்ள கொண்டுபோய்க் குடுத்தேன். அவரு கண்ணாடி மேசைமேல இருந்துச்சு. எடுத்துப் போடலை. ஆம்பளை தாளுன்னாக் கண்ணாடி போட்டுப் பார்ப்பாரு, பொம்பளை தாளுன்னாக் கையை எட்ட நீட்டி ஒரு பார்வை, இதை வேணும்னு செய்யறாருன்னு நான் சொல்ல மாட்டேன், அவருக்கே தெரியாது, நான் பதினேழு வருஷம் மேசைக்கு இந்தப் பக்கம் நின்னு பார்த்ததுனால சொல்றேன். நார்மல்தான், கேஸு, ரத்தம் கொஞ்சம் கம்மி, வீட்டுல வெசனம் எதாச்சும் இருக்குதாம்மான்னு கேட்டாரு. பாப்பாத்தியக்கா சிரிச்சாங்க, வெசனம் இல்லாத வீடு எதுங்க டாக்டர்னாங்க. நான் வாயைத் தொறக்கலை. சார், அந்த மூணாவது கோட்டைச் சித்தப் பாருங்கன்னு ஒரு வார்த்தை. ஒரே வார்த்தை. பந்தயத்துல தோத்துட்டேன் போல, நமக்கென்ன தெரியும், அவரு எம்டி படிச்சவருன்னு வாயை மூடிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டேன். மூணு நாள் கழிச்சு அவங்க கொழுந்தனாரு வந்து அந்தத் தாளோட நகல் வேணும்னு கேட்டப்பத்தான் அவங்க போய்ச் சேர்ந்த சங்கதி தெரிஞ்சுது. நகல் எடுத்துக் குடுத்தேன். அன்னைக்கிலிருந்து சோறு எறங்குது, தூக்கம் வருது, எல்லாம் நடக்குது, நான் ஒண்ணும் நடிக்கலை. ஆனா மஞ்சப் பையோட எந்தப் பொம்பளை உள்ள வந்தாலும் அவங்க தாளை நான் ரெண்டு தடவை எண்ணிப் பார்ப்பேன்.

என்னோடது அடிக்கோடு இல்ல, மொதல் கோடு. மொதல் கோடு தலைகீழான்னா என்ன? பக்கவாட்டுல அடைப்புன்னா அப்படி வரும். மொதல் கோடு, ஏவிஎல், கடைசி ரெண்டு பல்பு, இதெல்லாம் பக்கவாட்டுல இருந்து பார்க்கறது. இல்லாட்டி இதயம் வலது பக்கம் இருந்தா வரும். ஒரு தடவை லாரி ஓட்டற ஒருத்தருக்கு அப்படி இருந்துச்சு, அம்பது வயசு வரைக்கும் அவருக்கே தெரியலை, சார் என்னையும் கூப்பிட்டுக் காமிச்சாரு. அந்த மாதிரி எனக்கும் இருக்குமா? நாப்பத்தாறு வருஷமா ஒருத்தரும் பார்க்காம வலது பக்கமே துடிச்சிட்டு இருந்திருக்குமா? கையை வெச்சுப் பார்க்கறேன். வலது பக்கம் வெச்சா அங்கயும் துடிக்கறாப்பல இருக்குது, இடது பக்கம் வெச்சா இங்கயும் துடிக்குது, துடிக்கறது நெஞ்சா, என் கையா? எம்மக தாரணி வயித்துல இருந்தப்ப ஸ்கேன் பார்த்தாங்களே, நெஞ்சையும் பார்த்திருப்பாங்களா? தாரணிக்கு இன்னிக்குப் பரீட்சை, கோயம்புத்தூர்ல, ரெண்டு மணிக்கு உள்ள போறா, இந்நேரம் போனை அணைச்சிருப்பா. எங்கூட்டுக்காரர் பல்லடத்துல சொந்தக்கார ஒறம்பரை வீட்டுக் கல்யாணத்துல பந்தியில நின்னு ரசம் ஊத்திட்டு இருப்பாரு, அவரு ஊத்துனாத்தான் எல்லாருக்கும் எறங்குமாமா. போன் பண்ணி என்னன்னு சொல்றது, மொதல் கோடு தலைகீழா இருக்குதுன்னா? செரி, இரு, பதறாதே. நெஞ்சுல வெச்ச ஆறு பல்பையும் வரிசையாப் பாரு. வலது பக்கம் இதயம்னா ஊசி போகப் போகச் சிறுத்துட்டே போகோணும். என்னோடது மொத பல்புல குட்டையா ஆரம்பிச்சுப் போகப் போக நல்லா வளர்ந்துட்டேதான் போகுது. அப்ப வலது பக்கம் இல்ல. கடைசி ரெண்டும் மேல பார்த்து நிக்குது, அப்பப் பக்கவாட்டு அடைப்பும் இல்ல. அப்ப மொதல் கோட்டுக்கு மட்டும் என்ன வந்து தொலைஞ்சுது? ஏவிஆர்னு ஒண்ணு, பன்னெண்டு கோட்டுல அது ஒண்ணுதான் எப்பவும் கீழ பார்க்கறது. அது நிமிர்ந்து நிக்குது. கீழ பார்க்க வேண்டியது மேல, மேல பார்க்க வேண்டியது கீழ.

அட, கூறு கெட்டவளே. கம்பி. கை ரெண்டுக்கும் கம்பியை மாத்திப் போட்டிருக்கறே. கட்டிலைப் பாரு. பேஷண்ட் படுத்தாத் தலை சன்னல் பக்கம், வலது கை செவுத்துப் பக்கம், இடது கை மெஷின் பக்கம். பதினேழு வருஷமா என் கை கண்ணை மூடிட்டே செய்யும், செவுத்துப் பக்கம் செவப்பு, மெஷின் பக்கம் மஞ்சள். இன்னிக்கு இடது தோளைத் தூக்க முடியலைன்னு, வலது கைக்குப் பட்டன் எட்டோணும்னு, நான் தலையைக் கதவுப் பக்கம் வெச்சுல்ல படுத்தேன். மனுசி திரும்பிப் படுத்துட்டா, கை திரும்பலை. செவுத்துப் பக்கம் செவப்பு. செவுத்துப் பக்கம் இருந்தது என் இடது கை. காலையும் அப்படியேதான் மாத்தியிருப்பேன், காலைப் பத்திக் கவலை இல்ல, காலு மாறினாக் கோட்டுல ஒண்ணும் தெரியாது. சிரிப்பு வந்துருச்சு எனக்கு, தனியா உக்காந்து வாயை மூடிட்டுச் சிரிச்சேன், சிரிச்சாத் தாடை வலிக்குது. போன மாசம் புதுசா வேலைக்குச் சேர்ந்தவ ஒருத்தி இதே தப்பைப் பண்ணி என்கிட்ட வாங்கிக் கட்டிக்கிட்டா, சோத்துக்கு உப்பு போட்டுத்தான் திங்கறயான்னு கேட்டேன், அவ அழுதுட்டு ரெண்டு நாள் வரவே இல்ல. அவளை வரச் சொல்லி என்னைத் திட்டச் சொல்லோணும். அப்பாடா. ஒண்ணும் இல்ல. வெறும் கம்பி. நெய்யும் பருப்பும் வேலையைக் காட்டுது, வயசும் ஆகுது, அவ்வளவுதான். கொக்கியை மாட்டிட்டு மிச்சச் சோத்தைத் திங்கலாம்னு எந்திரிச்சேன். எந்திரிச்சதும் கண்ணு இருட்டிட்டு வந்துது, கட்டில் கம்பியைப் புடிச்சுட்டு நின்னேன்.

கம்பி மாத்திப் போட்டாக் கோடு மாறும், வேர்க்காது. தாடை வலிக்காது. அது எதுக்கு வேர்க்குது? செரி, சரியா மாட்டி இன்னொருக்கா எடுத்துப் பார்த்துட்டாத் தீர்ந்துது, இதுக்கெதுக்கு ரோசனை. இந்தத் தடவை ஒவ்வொண்ணையும் வாய்விட்டுச் சொல்லிட்டே மாட்டினேன், இது என் வலது கை, சோறு திங்கற கை, செவப்பு. இது இடது கை, கடியாரம் கட்டற கை, மஞ்சள். ஜெல் தடவினது சில்லுன்னு இருந்துச்சு, வர்றவங்க துள்ளறது எதுக்குன்னு இத்தனை வருஷம் கழிச்சு இன்னிக்குத் தெரியுது. பட்டனை அமுக்கிட்டுக் கையைக் கீழ வெச்சு, மூச்சை இழுத்துப் புடிச்சு, மெஷின் கிரகிரன்னு தாளைத் துப்பற வரைக்கும் மேல ஃபேனையே பார்த்துட்டுக் கெடந்தேன். ரெக்கையில எவ்வளவு அழுக்கு. தாள் வந்துது. மொதல் கோடு நிமிர்ந்து நிக்குது. ஏவிஆர் கீழ பார்க்குது. சொன்னேனல்ல? சொன்னேனல்ல, கம்பின்னு? அப்படியே கண்ணைக் கொஞ்சம் கீழ எறக்கினேன். ரெண்டு, மூணு, ஏவிஎஃப். இந்த மூணுதான் அடிக்கோடுங்க, இதயத்தைக் கீழ இருந்து பார்க்கறது. ரெண்டுல ஊசிக்குப் பின்னால தரை தரையில இல்ல. மூணுலயும் இல்ல. ஏவிஎஃப்ல…கண்ணாடி எங்க? தலைமேல இருக்குது. போட்டுட்டுப் பார்த்தேன். ஒரு கட்டம். இல்ல, கோடு கட்டத்துக்கு மேல நிக்குது, ஒண்ணரை. எங்க இருந்து எண்ணறது? மொத மேட்டுக்கு முன்னாடி இருக்கற தரையில இருந்தா, ஊசிக்கு முன்னாடி இருக்கற தரையில இருந்தா? அங்க இருந்து எண்ணினா ஒண்ணு, இங்க இருந்து எண்ணினா ஒண்ணரை. மூச்சு இழுத்ததுல கோடு ஏறி எறங்கியிருக்குமோ? உறையோட ஓரத்தை அளவுகோலாட்டம் வெச்சுப் பார்த்தேன், உறை ஒரு எடத்துல நிக்க மாட்டேங்குது. மூணாவது துடிப்புல ஒண்ணு. நாலாவதுல ஒண்ணரை. அஞ்சாவதுல ரெண்டு மாதிரி இருக்குது, இல்ல, ஒண்ணரைதான். கட்டத்தோட கோடு எங்க முடியுது, என் கோடு எங்க ஆரம்பிக்குது, ஒரு கட்டம்ங்கறது ஒரு மில்லிமீட்டர், ஒரு மில்லிமீட்டர்ல போய் ஒரு உசுரை வெச்சிருக்காங்களே பாவிக. எதிர்ப்பக்கம் பாரு, ஒரு பக்கம் ஏறினா எதிர்ப்பக்கம் எறங்கோணும். எதிர்ப்பக்கம் ஏவிஎல். தரை குழிஞ்சிருக்குது. குழிஞ்சிருக்குதா? குழிஞ்சுதான் இருக்குது.

மொதத் தாளை எடுத்துப் பக்கத்துல வெச்சேன். கை ரெண்டையும் மாத்தினா ரெண்டும் மூணும் எடம் மாறிக்கும், ஏவிஎஃப் மட்டும் மாறாது. அந்தத் தாள்லயும் ஏவிஎஃப் இதே மாதிரித்தான் ஏறி நிக்குது. அப்பவே நின்னுருக்குது. நான் தலைகீழா இருந்ததையே பார்த்துட்டு அதைப் பார்க்கவே இல்ல. மணி ஒண்ணு அம்பத்தெட்டு. நாப்பது நிமிஷத்துக்கும் மேல ஓடிருச்சு. சாருக்குப் போன் பண்ணு. பண்ணோணும். பண்ணி என்னன்னு சொல்றது? சார், எனக்கு நெஞ்சு ஒரு மாதிரி இருக்குதுங்க, நானே எடுத்துப் பார்த்தேனுங்க, அடிக்கோட்டுல ஒண்ணரைக் கட்டம் ஏறியிருக்குதுங்க. என்ன சொல்லுவாருன்னு எனக்குத் தெரியும். போன வருஷத்துக்கு மொத வருஷம் ஒரு நாள் நெஞ்செரிச்சல்னு சொன்னதுக்கு, கலாமணிக்கு ஈசிஜி பார்த்துப் பார்த்து ஈசிஜி வியாதி வந்துருச்சுன்னு மருந்துக் கம்பெனிக்காரங்க மூணு பேரு முன்னால சொல்லிச் சிரிச்சாரு. நல்ல மனுசன்தான், ஏழைபாழைகிட்டக் காசு வாங்க மாட்டாரு, தாரணி காலேஜுக்கு அவருதான் சொல்லி எடம் வாங்கிக் குடுத்தாரு. ஆனா அன்னைக்கு நான் நின்ன நிலை எனக்குத்தான் தெரியும். நேரா ஆஸ்பத்திரிக்குப் போயிடலாம், பஸ் ஸ்டாண்டு தாண்டினா பெரியாஸ்பத்திரி, ஆட்டோ புடிச்சா அஞ்சு நிமிஷம். அங்க போய் ஒண்ணும் இல்லைன்னு ஆச்சுன்னா? லேப்புல வேலை பார்க்கறவளே கேஸுக்கு ஆஸ்பத்திரிக்கு ஓடினான்னு ஊரே சிரிக்கும். செத்தா ஒருத்தரும் சிரிக்க மாட்டாங்க. ஐயோ, இதென்ன நெனைப்பு, எனக்கென்ன புத்தி பெரண்டு போச்சா, சிரிப்புக்குப் பயந்துட்டு உக்காந்திருக்கறேனே. இருந்தாலும் பயமாத்தான் இருக்குது. ரெண்டு பயத்துல எது பெருசுன்னு எண்ணிப் பார்க்க அதுக்குக் கட்டம் இல்ல.

பேனாவை எடுத்தேன். பேரு எழுதாத தாளைப் போட்டோ புடிச்சுச் சாருக்கு அனுப்பினாத் திட்டுவாரு. கலாமணின்னு எழுதோணும், நாப்பத்தாறு, பெண். க போட்டேன். கண்ணாடி எடுத்துப் போட மாட்டாரு. போனைக் கையில எட்டப் புடிச்சுட்டு, இன்னொரு கையில சோத்தைப் பெசஞ்சுட்டு ஒரு பார்வை பார்ப்பாரு. நார்மல்னு ஒரு வார்த்தை வரும். அந்த நார்மலை நம்பி நான் மிச்சச் சோத்தைத் திம்பேன். அந்த க-வை நாலு கோடு போட்டு அடிச்சேன். பக்கத்துல எழுதினேன்: நாச்சிமுத்து, 52, ஆண், நெஞ்சு வலி. நாச்சிமுத்து யாருன்னு எனக்கே தெரியாது, கை எழுதுன பேரு. ஒரு ஆளுக்கு வேணுங்கறதெல்லாம் எழுதியாச்சு. தப்பு பண்றேன்னு தெரியுது, தாள்ல பேரு மாறினா ஆளு மாறும், மருந்து மாறும், இதுக்குத்தானே அந்தப் புதுப் பொண்ணை அந்தப் பேச்சுப் பேசினேன். இருந்தாலும் போட்டோ எடுத்தேன். மொதல்ல எடுத்தது மங்கலா இருந்துச்சு, சன்னல் பக்கம் தூக்கிப் புடிச்சு ரெண்டாவது எடுத்தேன். அனுப்பினேன். ஒரு டிக். ரெண்டு டிக். கொக்கியை மாட்டினேன், மேல இருந்து ரெண்டாவது கொக்கி கெடைக்கவே மாட்டேங்குது, விரல் மரத்துப் போச்சு. நார்மல்னு வந்துட்டா என்ன பண்றது? நார்மல்னு வரோணும் கடவுளே. நார்மல்னு வந்தா நம்பறதா வேண்டாமா? நான் பந்தயத்துல தோக்கோணும்னு வேண்டிக்கறது இதுதான் மொதத் தடவை. டிக்கு ரெண்டும் நீலமாச்சு. செவுத்தைப் புடிச்சுட்டே போய்க் கதவுத் தாப்பாளை நீக்கினேன், எதுக்கு நீக்கினேன்னு தெரியலை. போன் அடிச்சுது.

"கலாமணி, இந்த நாச்சிமுத்து எங்க இருக்காரு?" சாரோட குரல் எப்பவும் இருக்கற குரல் இல்ல.

"இங்கதானுங்க சார் இருக்கறாரு."

"உக்காந்திருக்காரா, நிக்கறாரா?"

"நிக்கறாருங்க சார்."

"மொதல்ல படுக்க வை. ஒரு எட்டு நடக்க விடாதே. அட்டாக்மா அது, அடிப்பக்கம், இப்ப நடந்துட்டு இருக்கு, ரெண்டு, மூணு, ஏவிஎஃப் நல்லா ஏறியிருக்கு பாரு, ஏவிஎல் எறங்கியிருக்கு. என் மேசை டிராயர்ல ஆஸ்பிரின் இருக்கும், நாலு மாத்திரை கடிச்சு மெல்லச் சொல்லு. நான் நூத்தியெட்டுக்குச் சொல்லிட்டு வந்துட்டே இருக்கேன். வலி எப்ப ஆரம்பிச்சுது?"

"ஒண்ணே காலுக்குங்க சார்."

"ஒண்ணே காலா? இப்ப ரெண்டே காலாகப் போகுது. இத்தனை நேரம் அந்த ஆளு என்னம்மா பண்ணிட்டு இருந்தாரு?"

"ரோசிச்சிட்டு இருந்தாருங்க சார்."

"என்னத்தை ரோசிக்கறது? அறிவிருக்கா அவருக்கு? சரி, கூட யாரு வந்திருக்கா, சம்சாரமா? போனை அவங்க கையில குடு, நான் பேசறேன்."

கட்டில் காலியா இருக்குது. கட்டிலுக்குப் பக்கத்துல கூட வர்றவங்க உக்கார்ற நாற்காலியும் காலியா இருக்குது, அதுமேல என் டிபன் பாக்ஸ் மூடி மட்டும் கெடக்குது. நான் கட்டிலுக்கு வந்து, ஒரு கையால கம்பியைப் புடிச்சுட்டு, மெதுவா அதுமேல உக்காந்தேன், தலையணையைக் கையால தேடினேன். அந்தப் பக்கம் சார் கத்தறாரு, "கலாமணி, லைன்ல இருக்கறயா, போனைக் குடுங்கறேன்."

"சார்," அப்படின்னேன், "பேஷண்ட்தானுங்க சார் பேசறேன்."